மேட்டில் திணறும் மின் மிதிவண்டி: குறை காணும் முறை

மிதிவண்டி நம் கிராம மக்களின் இன்றியமையாத ஊர்தியாகும். பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டு செல்பவரும், காய்கறி மூட்டையை உழவர் சந்தைக்கு எடுத்துச் செல்பவரும் அதனையே நம்பியிருக்கின்றனர். அண்மை ஆண்டுகளில், பழைய மிதிவண்டியில் மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்தி, உள்ளூர்ப் பட்டறையிலேயே அதனை மின் மிதிவண்டியாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. குறைந்த செலவில் உடலுழைப்பைக் குறைக்கும் நல்ல முயற்சியே இது.

எனினும், சமவெளியில் விரைந்தோடும் இவ்வண்டி ஏரிக்கரை மேட்டிலோ, மலையடிவாரச் சாலையிலோ திணறி நின்றுவிடுகிறது என்னும் குறை பலராலும் கூறப்படுகிறது. உடனே பெரிய மோட்டாரையோ புதிய பாட்டரியையோ வாங்குவதே பரிகாரம் என்று பலர் கருதுகின்றனர். ஒரு பருவத்து வருமானத்தை அதில் செலவிட்ட பின்னரும் வண்டி மேடு ஏறாவிடின், அக்குடும்பத்திற்கு நேரும் நட்டம் சிறிதன்று. எனவே எதையும் வாங்குமுன், குறை எங்கே உள்ளது என்பதை வரிசைப்படி அளந்தறியும் முறையை ஈண்டு விளக்குவோம்.

முதலில் கணக்கு

வண்டியில் குறையுள்ளதா, அன்றி நாம் அதனிடம் மிகுதியாக எதிர்பார்க்கிறோமா என்பதை முதலில் அறிதல் வேண்டும். மேடு ஏறுதல் என்பது எடையைத் தூக்குதலே. கிணற்று நீர் கீழே போகப்போகப் பம்புசெட் மோட்டாருக்கு வேலை மிகுவதைப்போலவே இதுவும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்த வண்டியின் எடை 35 கிலோ; ஓட்டுபவர் 60 கிலோ; பால் கேன்கள் 45 கிலோ; ஆக மொத்தம் 140 கிலோ. பத்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் மேட்டில், இவ்வெடையில் பத்திலொரு பங்கு, அதாவது 14 கிலோ, வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். டயர் உருளுவதிலுள்ள தடைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவைச் சேர்த்தால் இழுப்பு 15½ கிலோ ஆகும். இதனை வினாடிக்குச் செல்லும் மீட்டராலும், பின்னர் 9.8 ஆலும் பெருக்கினால் தேவையான வாட் கிடைக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 2.8 மீட்டர் ஆதலின், தேவைப்படும் திறன் சுமார் 425 வாட்.

250 வாட் மோட்டாரும், ஓட்டுபவர் மிதித்துத் தரும் 75 வாட்டும் சேர்ந்தால் 325 வாட்டே ஆகிறது. ஆகவே இவ்வண்டி அம்மேட்டில் மணிக்கு ஏழு, எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே ஏற இயலும். அவ்வேகத்தில் ஏறினால் வண்டியில் குறையில்லை என்று கொள்ளலாம். அதனினும் மிகக் குறைந்தாலோ, நின்றுவிட்டாலோதான் குறையைத் தேட வேண்டும்.

மேட்டின் சாய்வை அளப்பது எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைச் சாலையின் மேற்பக்கத்தில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தைக் கொண்டு பலகையைச் சமமாக்குக. தாழ்ந்த முனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டராயின் பத்துக்கு ஒன்று. 5 சென்டிமீட்டராயின் இருபதுக்கு ஒன்று.

1. சக்கரமும் பிரேக்கும்

செலவில்லாத சோதனையை முதலில் செய்தல் நன்று. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கையால் சுற்றுக. பிரேக் கட்டை உரசுகிறதா, பால்ரஸ் இறுகியுள்ளதா, டயரில் காற்று குறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சுமை வண்டியில் காற்றுக் குறைந்த டயர் மோட்டாரின் உழைப்பில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும்.

மோட்டார் உள்ள சக்கரம் கையால் சுற்றும்போது விட்டுவிட்டுக் கடினமாக இருப்பின், கண்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மூன்று தடித்த கம்பிகளையும், பாட்டரியைக் கழற்றிய பின்னர், பிரித்துவிட்டு மீண்டும் சுற்றிப் பார்க்க. இப்பொழுது எளிதாகச் சுற்றினால் பழுது கண்ட்ரோலரில் உள்ளது. அப்போதும் கடினமாயின் மோட்டாரிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

2. பாட்டரி

பெரும்பாலான திணறலுக்குக் காரணம் பாட்டரியே. நிற்கும்போது சரியான வோல்ட்டைக் காட்டும் பாட்டரி, மேட்டில் மிகுந்த மின்னோட்டம் தரும்போது தாழ்ந்துவிடும். மின்னழுத்தம் குறைந்த நாளில் பம்புசெட் திணறுவதை விவசாயிகள் நன்கறிவர்.

48 வோல்ட் என வழங்கும் லித்தியம் பாட்டரிகளுள் 13 அடுக்கு கொண்டவை, முழுதும் ஏற்றப்பட்ட நிலையில் 54.6 வோல்ட் காட்ட வேண்டும். நான்கு 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரிகளை இணைத்திருப்பின், முழுதும் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் சுமார் 51 வோல்ட் இருக்கும்.

பின்னர் மல்டிமீட்டரைக் கைப்பிடியில் கட்டி மேடு ஏறுக. ஓட்டுபவர் சாலையையே பார்க்க வேண்டும். மீட்டரை உடன் நடந்து வருபவர் படித்தல் வேண்டும். 15 ஆம்பியர் செல்லும்போது இரண்டு, மூன்று வோல்ட் குறைவது இயல்பு. எட்டு வோல்ட் குறைந்தால், 8 × 15 = 120 வாட் சக்கரத்தைச் சேராமல் பாட்டரிக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது என்பது பொருள். அப்பாட்டரி முதுமை அடைந்துள்ளது, அல்லது அதன் ஓர் அடுக்கு பழுதாகியுள்ளது.

திணறுதல் வேறு, திடீரென நின்றுபோதல் வேறு. சமவெளியில் ஓடி, மேட்டில் முற்றும் நின்று, சற்று நேரத்தில் மீண்டும் ஓடினால், பி.எம்.எஸ். என்னும் பாதுகாப்புப் பலகையோ கண்ட்ரோலரோ, வோல்ட் தாழ்ந்ததைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்று அறியலாம்.

3. கம்பியும் இணைப்பும்

மேடு ஏறி முடித்தவுடன், சாவியை நிறுத்திவிட்டு, கம்பி இணைப்புகளைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க. ஏதேனும் ஓரிடம் மட்டும் சுடுமாயின் அங்கேதான் திறன் வீணாகிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும், தளர்ந்த கனெக்டர்களும், மெல்லிய கம்பிகளும் இதற்குக் காரணமாகும். பாட்டரி முனையில் ஒருமுறையும், கண்ட்ரோலர் முனையில் ஒருமுறையும் மேட்டில் வோல்ட்டை அளந்து ஒப்பிட்டால் ஐயம் தீரும். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பியையும் இணைப்பையும் மாற்றுதல் வேண்டும். இது சொற்பச் செலவில் முடியும் வேலை.

4. கண்ட்ரோலரும் கைப்பிடியும்

கண்ட்ரோலரின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அதன் ஆம்பியர் வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். 36 வோல்ட் பாட்டரியில் 7 ஆம்பியர் வரம்புள்ள கண்ட்ரோலர் 252 வாட்டையே பெற முடியும். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகிவிடும். மூன்று வேக விசை தாழ்ந்த நிலையில் இருப்பதும், பிரேக் பிடியிலுள்ள மின் துண்டிப்பு விசை பாதி அழுந்தி நிற்பதும், ஆக்ஸிலேட்டர் பிடி முழுதும் திரும்பாமல் ரப்பரில் முட்டுவதும் அடிக்கடி காணப்படும் எளிய குறைகள். ஆக்ஸிலேட்டரின் சமிக்ஞைக் கம்பியில், விட்ட நிலையில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், முழுதும் திருகிய நிலையில் மூன்றரை வோல்ட்டுக்கு மேலும் இருத்தல் பொதுவான அளவாகும்.

5. மோட்டார்

புறப்படும்போது கரகரவென்ற ஓசையுடன் சக்கரம் அதிர்ந்தால், சக்கரத்தின் நிலையை அறிவிக்கும் ஐந்து மெல்லிய கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் வண்டி நகராவிட்டால், பல்சக்கரமுள்ள மோட்டாராயின் உள்ளேயுள்ள நைலான் பற்களோ கிளச்சோ தேய்ந்திருக்கும். அப்பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். மோட்டாரை மாற்ற வேண்டுவதில்லை.

குறை ஏதுமில்லாவிடின்

யாவும் சரியாக இருந்தும் வண்டி திணறினால், மோட்டாரின் வேகத்திற்கும் மேட்டிற்கும் பொருத்தமில்லை என்பது பொருள். மோட்டாரின் இழுவை மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாக ஊர்ந்து நெடுநேரம் இழுக்கும் மோட்டார் புகைந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் திறனைப் பெருக்குவதன்று. வேகத்தைத் தியாகம் செய்து இழுவையைப் பெறுவதே. மோட்டாரை 26 அங்குலச் சக்கரத்திலிருந்து 20 அங்குலச் சக்கரத்திற்கு மாற்றினால், அதே மோட்டாரின் இழுவை முப்பது விழுக்காடு உயரும். சமவெளி வேகம் அதற்கேற்பக் குறையும். மலைப்பகுதியில் வாழ்வோர், மிதிகட்டையுடன் இணைந்து சங்கிலியையும் கியரையும் இயக்கும் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல் இன்னும் சிறந்தது. மேட்டில் தாழ்ந்த கியர் போட்டால் மோட்டார் தன் இயல்பான வேகத்திலேயே சுற்றும், சூடாகாது.

உயரத்தின் கணக்கையும் மறத்தலாகாது. மேற்சொன்ன 140 கிலோவை 100 மீட்டர் உயர்த்த 38 வாட்-மணி தேவை. வழியில் வீணாவதையும் சேர்த்தால் 50க்கு மேல். 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் உள்ளது 480 வாட்-மணியே. எனவே 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற நீண்ட ஏற்றத்திற்கு, சுமையுடன் இத்தகைய வண்டியை நம்பிப் புறப்படுவது அறிவுடைமையாகாது.

செய்யத்தகாதவை

கண்ட்ரோலரின் உள்ளேயுள்ள அளவுக் கம்பியில் ஈயம் பூசி ஆம்பியரைக் கூட்டுவதும், பி.எம்.எஸ். பலகையை ஒதுக்கிவிட்டு நேரே கம்பி கொடுப்பதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. முன்னது மோட்டாரை எரிக்கும். பின்னது வீட்டையே எரிக்கக்கூடும். லித்தியம் பாட்டரியில் பற்றிய தீ எளிதில் அணையாது. உறங்கும் அறையிலும் வைக்கோற்போருக்கு அருகிலும் சார்ஜ் செய்தல் கூடவே கூடாது.

இழுவையைக் கூட்டியவர்கள் அச்சுக்குத் தாங்கு கம்பி பொருத்துதல் அவசியம். இல்லையேல் மோட்டாரின் அச்சு, முள்கரண்டியின் பிளவிலிருந்து திருகிக்கொண்டு வெளிவந்து, ஓட்டுபவரைக் கீழே தள்ளும். ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமாதலின், சுமைக்கேற்ற பிரேக்கும் வேண்டும்.

சட்டமும் கவனிக்கற்பாலது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பிற நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் மின்கல வண்டிகளே மோட்டார் வாகனக் கணக்கில் சேராதவை. பெரிய மோட்டார் பொருத்தினால் பதிவு, உரிமம், காப்புறுதி ஆகியவை பற்றிய கேள்விகள் எழும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியது

பல ஊராட்சிகளில் குப்பை சேகரிக்கும் மின்கல வண்டிகள் இயங்குகின்றன. அவை மேட்டுத் தெருவில் திணறும்போதும் இதே வரிசையில் சோதிக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு குறிப்பேடும் வைத்து, ஒவ்வொரு வண்டியின் நின்ற நிலை வோல்ட்டையும் மேட்டு வோல்ட்டையும் மாதம் ஒருமுறை எழுதி வந்தால், பாட்டரி முற்றும் கெடுமுன்னரே அதன் தளர்ச்சி தெரிந்துவிடும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியரை அழைத்து, உள்ளூர்ப் பட்டறைக்காரர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒருநாள் செய்முறை விளக்கம் நடத்துவதும் பயன் தரும்.

சக்கரம், பாட்டரி, இணைப்பு, கண்ட்ரோலர், மோட்டார் என்னும் இவ்வரிசையை மாற்றாமல் சோதிப்பவர், பெரும்பாலும் செலவு மிகுந்த கடைசிப் படிக்கு வருமுன்னரே குறையைக் கண்டுவிடுவார். அளந்து பார்த்த பின்னரே பணத்தை எடுப்பது என்னும் வழக்கத்தை நம் விவசாயப் பெருமக்கள் மேற்கொள்வாராக.