சான்றிதழில் என்ன எழுதியிருக்கு?

போன மாசம் எங்கள் குழுவிடம் மஞ்சள் கேட்டு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். அவர்கள் தந்த துண்டறிக்கையில் 'ஐ.எஸ்.ஓ. 26000 சான்று பெற்றது' என்றிருந்தது. 30 வருசம் வங்கியில் கடன் பத்திரம் படித்த கண்ணாச்சே, உறுத்தியது.

ஐ.எஸ்.ஓ. 26000 என்பது 2010-ல் வெளிவந்த சமூகப் பொறுப்பு வழிகாட்டி. நிர்வாகம், மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர், ஊர் மேம்பாடு என ஏழு விசயம் பேசுகிறது. ஆனால் அதற்குச் சான்றிதழே கிடையாது! வழிகாட்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சான்று தரப்படுகிறவை வேறு. தொழிலாளர் நிலைமைக்கு எஸ்.ஏ. 8000, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14001. பூச்சிக்கொல்லி ஆலைகூட 14001 வாங்கலாம். நிறுவனம் தானே இலக்கு வகுத்து, சட்டத்தைக் கவனித்து, தன்னைத் தானே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும். பொருளில் நஞ்சு உண்டா என்று பார்க்காது. நம் இயற்கை விளைச்சலுக்கான என்.பி.ஓ.பி., பி.ஜி.எஸ். சான்றுகள் தனி.

ஆகவே யார் சான்று காட்டினாலும் தர எண், கொடுத்தது யார், எந்தத் தேதிவரை என்று பாருங்கள். எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்ற வரியை விட்டுடாதீங்க. தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கியது மஞ்சள் அரைக்கிற ஆலைக்குச் செல்லாது.

நாங்கள் இதையெல்லாம் கேட்டோம். கூடவே, "பணம் எத்தனை நாளில் தருவீங்க, ஒப்பந்தத்தில் எழுதுவீங்களா?" என்றும் கேட்டோம். மேலிடத்தில் பேசிட்டு வருகிறோம் என்று போனார்கள். மூட்டைகள் இன்னும் எங்கள் திண்ணையில்தான் கிடக்கின்றன.