செக்ரோல் புத்தகத்திலிருந்து பிளாக்செயினுக்கு: தோட்டத்துப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு



நான் புக்கிட் ரோத்தான் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் "பிளாக்செயின்" என்று வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு போடணும் தம்பி?" என்பதுதான். அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்பு என் மாமா, செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் எட்டாயிரம் ரிங்கிட்டை ஏதோ ஒரு "கோயின்" திட்டத்தில் போட்டார். ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு என்றார்கள். மூன்று மாதம் கைப்பேசியில் எண் ஏறிக்கொண்டே போனது. நாலாவது மாதம் செயலியே திறக்கவில்லை.

பணம் போனதைவிட மாமா அன்று கேட்டதுதான் எனக்கு வலித்தது. "நீ படிக்கிறவன்தானே, இது உண்மையா பொய்யான்னு எப்படிப் பார்க்கிறது?" நான் முழித்தேன். நிரல் எழுதத் தெரிந்த எனக்கே பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் ஆரம்பித்ததுதான் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பு. முதல் நாள் ஆறு பேர், மூன்று மடிக்கணினி. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்மாதிரி தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழக மாணவர்களே வார இறுதியில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பெற்றோர் தலைமுறையில் பலர் அந்த வகுப்புகளில் உட்கார்ந்து படித்தவர்கள். கணினிப் பக்கம் பார்த்தால் தமிழ்நாட்டில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விழுப்புரம் ஒன்றும் சென்னை மாதிரி ஐடி நகரம் இல்லை, விவசாய மாவட்டம். ஆனாலும் 2013-லிருந்து அங்கே கிராமத்துப் பிள்ளைகள் கூடிக் கட்டற்ற மென்பொருள் கற்கிறார்கள். கோலாலம்பூர் போனால்தான் கற்க முடியும் என்ற பேச்சை விட்டுவிடலாம். பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது. அண்ணன்மார் அக்காமார் பக்கத்திலேயே இருக்கிறார்கள், நாம்தான் போய்க் கேட்பதில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். முதல் வகுப்பில் கணினியைத் திறக்கவே கூடாது. ஆளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், ஒரு பென்சில் போதும்.

தோட்டத்தில் கிராணி செக்ரோல் எழுதுவதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு செய்தார், எல்லாம் ஒரே புத்தகம், ஒரே ஆள் கையில். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சம்பளம். பிளாக்செயினும் ஒரு கணக்குப் புத்தகம்தான். ஆனால் எல்லார் கையிலும் ஒரு பிரதி இருக்கும். பழைய பக்கத்தை யாராவது திருத்தினால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

எப்படிக் காட்டிக் கொடுக்கும்? செய்து பாருங்கள். முதல் பக்கத்தில் மூன்று பேர் வெட்டிய குலை எடையை எழுதுங்கள்: 420, 385, 510 கிலோ. முதல் எண்ணை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 3-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 420 + 770 + 1530 = 2720. கடைசி இரண்டு இலக்கம் 20. அதுதான் அந்தப் பக்கத்தின் முத்திரை எண். இரண்டாம் பக்கத்தின் தலையில் அந்த 20-ஐ எழுதிவிட்டு, அன்றைய எடைகளை எழுதுங்கள்: 300, 450, 415. இப்போது 20 + 300 + 900 + 1245 = 2465. முத்திரை 65. இந்த 65 மூன்றாம் பக்கத்தின் தலைக்குப் போகும்.

இப்போது யாராவது முதல் பக்கத்தில் 385-ஐ 395 ஆக்கினால்? அந்தப் பக்கத்து முத்திரை 40 ஆகிவிடும். இரண்டாம் பக்கத்து முத்திரை 85 ஆகும். ஒரு எண்ணைத் தொட்டால் பின்னால் வரும் எல்லாப் பக்கமும் ஆடிப்போகும். இந்தச் சங்கிலிதான் பிளாக்செயினில் உள்ள "செயின்".

இங்கேயே வகுப்பை முடித்திருப்பேன். நாலாம் படிவத்துத் தங்கச்சி ஒருத்தி விடவில்லை. "அண்ணா, 385-ஐ 435 ஆக்கினா முத்திரை மாறலயே!" போட்டுப் பார்த்தேன். 420 + 870 + 1530 = 2820. மறுபடியும் 20! ஐம்பது கிலோ கூடியிருக்கிறது, முத்திரை அப்படியே நிற்கிறது. நான் தயார் செய்த பாடத்தில் இது இல்லை. ஆனால் அன்றைய நல்ல பாடம் அதுதான். நம் முத்திரையில் மொத்தம் நூறு எண்தான் உண்டு, கணக்கும் சுலபம். அதனால் ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிடலாம். பிட்காயின் பயன்படுத்தும் எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் முறையில் முத்திரை 256 பிட் நீளம். சாதாரண எண்ணாக எழுதினால் 78 இலக்கம் வரை போகும். அதே முத்திரை வருகிற மாதிரி வேறு கணக்கை எழுதும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு ஓட்டை மிச்சம். ஒருவன் தன் புத்தகத்தில் எல்லாப் பக்கத்தையும் முதலிலிருந்து மாற்றி எழுதிவிட்டால்? அதற்குத்தான் ஆறு புத்தகம். மற்ற ஐந்து பேரிடமும் இருப்பதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆறு பேரும் தெரிந்தவர்கள் என்பதால் நமக்கு இது போதும். முன்பின் தெரியாதவர்கள் உலகம் முழுக்கச் சேரும்போது ஒரே ஆள் ஆயிரம் பெயரில் வந்து ஓட்டுப் போடலாம். அதைத் தடுக்க பிட்காயின் கணினி உழைப்பைக் கேட்கிறது. எத்தீரியம் 2022 செப்டம்பரிலிருந்து பிணைப் பணம் கேட்கிறது. இதை மூன்றாவது நாலாவது வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கணினி திறக்கும் நாளில் ரீமிக்ஸ் என்ற தளம் போதும். இலவசம், உலாவியிலேயே ஓடும். அதற்குள் ஒரு பாவனைச் சங்கிலி இருக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் 100 போலி ஈத்தர் கிடைக்கும். சாலிடிட்டி மொழியில் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்றால் பெரிய மந்திரம் இல்லை, சங்கிலியில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல், அவ்வளவுதான்.

எங்கள் முதல் நிரல் கூட்டுப் பணம். மாதம் ஆளுக்கு இவ்வளவு, முறை வைத்து ஒருவருக்கு மொத்தமும். அம்மாமார் பிடிக்கிற அதே "கூத்து"தான். எழுதும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நம் தமிழ்ச் சொல்லிலேயே நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதி தடைச் சட்டம். இதை வணிகமாக நடத்துவது குற்றம். அதனால் எங்கள் நிரல் போலி ஈத்தரோடு நிற்கிறது. அதைத் தாண்டாது.

அந்த நிரலில் ஒரு பையன் பணத்தை அனுப்பிவிட்டு அடுத்த வரியில் "கொடுத்தாச்சு" என்று குறித்திருந்தான். பார்க்கத் தப்பே தெரியாது. ஆனால் பெயரை வெட்டாமலே காசைக் கொடுக்கும் கிராணி மாதிரி அது. வெட்டுவதற்குள் அதே ஆள் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து வாங்கிக்கொண்டே இருக்கலாம். 2016 ஜூனில் எத்தீரியத்தில் 'தி டாவோ' என்ற கூட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை ஒருவர் உருவியது இந்த ஓட்டை வழியாகத்தான். முதலில் குறி, பிறகு கொடு. வரிசை மாறினால் போச்சு.

ஒரு நாள் என் பாட்டி மண்டபத்துக்கு வந்து எங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். பால் மரம் வெட்டிய காலத்து ஆள். "எல்லாம் சரிய்யா. தராசே பொய் சொன்னா உங்க சங்கிலி என்ன பண்ணும்?" ஒன்றும் பண்ணாது, பாட்டி. தப்பான எடையை எழுதினால் தப்பான எடையையே அழியாமல் காப்பாற்றி வைக்கும். இதைச் சொல்லாமல் பிளாக்செயினைப் புகழ்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பல வேலைகளுக்கு ஒரு சாதாரண கணக்கு நிரலே போதும். ஒருவரை ஒருவர் நம்பாத பல பேர் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் இதற்கு வேலை. பட்டச் சான்றிதழ் அப்படிப்பட்ட ஒன்று. நம் கல்வியமைச்சு 2018 நவம்பரில் போலிச் சான்றிதழைத் தடுக்க இ-ஸ்க்ரோல் முறையைக் கொண்டு வந்தது. செம்பனை எண்ணெய் இன்னொன்று. எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்டச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டிருக்கிறது. குலை எங்கே வெட்டி, எங்கே ஏற்றி, எந்த ஆலைக்குப் போகிறது என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி நகரத்து நிரலாளருக்குத் தெரியுமா?

எங்கள் வகுப்பில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. மண்டபத்துக்குள் விலைப் பேச்சு கிடையாது. எந்தக் கோயின் ஏறுது, எதில் போடலாம் என்று கேட்கிறவர் அன்று டீ வாங்கித் தர வேண்டும். ஆள் சேர்க்க வந்தவரை ஒரு தடவை வெளியே அனுப்பியும் இருக்கிறோம். சொந்தக்காரர்தான், சங்கடமாகத்தான் இருந்தது.

மாமாவின் கேள்விக்கும் இப்போது பதில் சொல்லத் தெரிகிறது. 2019 ஜனவரியிலிருந்து டிஜிட்டல் நாணயங்கள் செக்யூரிட்டிஸ் கமிஷன் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவான பரிமாற்ற நிறுவனங்களின் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் அதன் தளத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே பெயரைத் தேடணும். அடுத்து, பணம் அனுப்பிய பதிவை எந்தச் சங்கிலியில் நானே பார்க்கலாம் என்று கேட்கணும். காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம். இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார், ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு.

ஆறு பேரில் இப்போது நிற்பது நாலு பேர். ஒருவன் எஸ்பிஎம் முடியட்டும் என்றான், இன்னொருவனுக்கு ஞாயிறும் வேலை. புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள். நாலு பேர் வந்தாலும் வகுப்பு உண்டு, இரண்டு பேர் வந்தாலும் உண்டு. தொடங்குகிறவர்கள் பெரிய திறப்பு விழா, பேனர் எல்லாம் வைக்காதீர்கள். ஒரே நேரம், ஒரே இடம், வாரா வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை வந்தால் இணையம் போய்விடும். அதனால் மடிக்கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பென்சிலும் புத்தகமும் கட்டாயம் கொண்டு வரச் சொல்லுங்கள்.