போத்து

திருவண்ணாமலையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் கிழக்கு அடிவாரத்தில் அண்ணாமலையார் திருக்கோயில் அமைந்துள்ளது. அதன் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரம் உடையது. அக்கோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பவர் பலர். அதன் அருகே பூக்கடைகளில் குவிந்து கிடக்கும் மலர்களை ஊன்றி நோக்குபவர் சிலரே. அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லிகை, முல்லை ஆகிய இவை நிறத்தானும் மணத்தானும் வேறுபட்டவை. எனினும், ஓர் இயல்பில் ஒன்றுபட்டவை. இவற்றைத் தோட்டங்களில் விதையிட்டு வளர்ப்பார் அரியர். ஒரு செடியின் கிளையை வெட்டி நட்டே மற்றொரு செடியை உண்டாக்குகின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் திருக்கோயில் நந்தவனங்களுக்கு நிலம் விடப்பட்ட செய்தி காணப்படுகின்றது. அந்நந்தவனங்களைப் பேணியோரும் இக்கலையில் வல்லவராகவே இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு நடுவதற்கென வெட்டப்படும் கிளைத்துண்டிற்குத் தமிழில் போத்து என்பது பெயர். இச்சொல் பழமையானது. ஓரறிவுயிராகிய செடிகொடிகளின் இளமையைக் குறிக்கும் பெயர்களுள் பிள்ளை, குழவி, கன்று என்பவற்றோடு போத்து என்பதனையும் தொல்காப்பியம் மரபியலில் கூறுகின்றது. இன்றும் உழவர் தென்னம்பிள்ளை என்பர், வாழைக்கன்று என்பர், முருங்கைப்போத்து என்பர். நூலில் உள்ள சொல் வயலிலும் வாழ்கின்றது. கரும்பின் துண்டிற்கு மட்டும் கரணை என்னும் தனிப்பெயர் வழங்குகின்றது.

திருவண்ணாமலை வீதி ஒன்றில் பழைய ஓட்டு வீடு ஒன்று உளதெனக் கொள்க. அதன் கொல்லைச் சுவரை ஒட்டி ஓர் அடுக்கு நந்தியாவட்டை நெடுங்காலமாக நின்றது. சுவரோ விரிசல் கண்டு சாய்ந்துவிட்டது. அதனை இடித்துக் கட்டுவதென வீட்டுத் தலைவர் முடிவு செய்தார்.

"அம்மா, அடித்தளம் தோண்டும் இடத்திலேயே செடியின் வேர் இருக்கிறது. அதனை வெட்டாமல் வேறு வழியில்லை. ஆவணி முடிந்ததும் கொத்தனார் வந்துவிடுவார்" என்று அவர் தம் தாயாரிடம் கூறினார்.

முதியவள் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர், "அது என் மாமியார் தம் பிறந்தகத்திலிருந்து ஒரு கொம்பாகக் கொண்டுவந்து நட்டதப்பா. அந்த ஊர் வீடும் இப்போது இல்லை, அங்கிருந்த செடியும் இல்லை" என்றாள்.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த பேரன், "பாட்டி, விதை எடுத்து வைத்துக்கொள்ளலாமே!" என்றான்.

"இது காய்த்து நான் கண்டதில்லை, கண்ணா. கொம்பு பிழைத்தால்தான் உண்டு" என்றாள் அவள்.

அடுக்கு மலர்களில் மகரந்தம் தரும் உறுப்புகள் பெரும்பாலும் இதழ்களாகவே திரிந்துவிடுகின்றன. ஆதலின் அவை காய்த்தல் அரிது. அக்கொல்லையில் நின்ற செடி அழியின், அவ்வீட்டார் போற்றிய அதனை மீளப் பெறுதற்கு வழியே இல்லை.

சிறுவன் அன்றே ஆறு கிளைகளை ஒடித்தான். குழியில் பச்சைச் சாணத்தை நிரப்பி, வெயில் நன்கு படும் இடத்தில் அவற்றை நட்டான்; நாள்தோறும் மும்முறை நீரைக் கொட்டினான். வேர் வந்ததா என அறியும் ஆவலால், காலையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மீண்டும் நட்டான். பத்து நாளில் ஆறும் கருகிப்போயின. அவன் கண்கலங்கி நின்றான்.

பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "வேரில்லாத கொம்பு எப்படித் தண்ணீர் குடிக்கும்? இலை வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். அதற்கு வெயிலும் ஆகாது, சேறும் ஆகாது. இந்த முறை நான் சொல்வதுபோலச் செய். ஆடி முடிவதற்குள் நட்டுவிட வேண்டும்" என்றாள்.

அவள் கூறிய முறை பின்வருமாறு. மிக இளந்தளிரும் ஆகாது. முற்றி வைரம் ஏறிய கிளையும் ஆகாது. எழுதுகோல் பருமனுள்ள, நோயற்ற, நடுத்தர முதிர்ச்சியுள்ள கிளையே ஏற்றது. அதனைக் கூரிய கத்தியால் ஒரு சாண் நீளமாக, மூன்று நான்கு கணுக்கள் அமையுமாறு நறுக்குதல் வேண்டும். கீழ்முனையைக் கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்முனையைக் கணுவிற்கு ஒரு விரலளவு மேலே நேராகவும் வெட்டுதல் நன்று. அவ்வாறு வெட்டினால் நடும்போது தலைமாறிப் போகாது. கீழ் இலைகளைக் களைந்து, உச்சியில் இரண்டே இலைகளை விடுதல் வேண்டும்; அவை பெரியனவாயின் பாதியாக நறுக்கிவிடலாம். வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி, ஈரம் உலரவிட்டு நடுதல் வேண்டும்.

ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்த கலவை நடுவதற்கு ஏற்றது. அதில் நீர் தேங்காது, காற்றும் உட்புகும். வேரில்லாத நிலையில் எருவினால் பயனில்லை. பச்சைச் சாணம் அழுகலையே விளைவிக்கும். முதலில் குச்சியால் துளையிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு போத்தினைச் செருகி, மண்ணை விரலால் அழுத்துதல் வேண்டும். பின்பு தொட்டியை நிழலில் வைத்து, மண் காயாதவாறு நீர் தெளித்தால் போதும். காற்று மிக வறண்டிருப்பின், ஒளி புகும் பாலித்தீன் உறையால் தளர்வாக மூடி ஈரத்தைக் காக்கலாம்.

அரளியைக் கையாளும்போது மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் இலை, தண்டு, பூ, வேர் ஆகிய அனைத்தும் நஞ்சுடையன. அதனை நறுக்கிய கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுதல் வேண்டும். அரளிக் கொம்பு நீர் நிறைந்த புட்டியிலும் வேர்விடும். அந்நீரை அடிக்கடி மாற்றாவிடின், கொசுக்கள் அதில் முட்டையிட்டுப் பெருகும்.

வெட்டிய கிளையில் வேர் எங்ஙனம் தோன்றுகின்றது? பட்டைக்கும் மரத்திற்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வெட்டுண்ட இடத்தில் அதன் அருகிலுள்ள உயிரணுக்கள் பெருகிப் புண்ணை மூடுகின்றன. அப்பகுதியினின்றும் கணுவினின்றும் புதிய வேர்கள் எழுகின்றன. இதனைத் தூண்டும் பொருள் யாது என்பதை அறிஞர் ஆராய்ந்தனர். நெதர்லாந்து நாட்டு அறிஞர் வென்ட் என்பார், ஓட்ஸ் முளையின் நுனியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று உண்டென 1928-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அதுவே ஆக்சின் எனப் பெயர் பெற்றது. அஃது வேர்விடுதலையும் தூண்டும் என்பது 1930-களில் தெளிவாயிற்று. இளந்தளிரிலும் மொட்டிலும் உண்டாகும் ஆக்சின், தண்டின் வழியே கீழ்நோக்கிச் சென்று வெட்டுவாயில் திரள்கின்றது. போத்தினைத் தலைகீழாக நடலாகாது என்பதன் காரணம் இதனால் விளங்கும். இந்நாளில் கடைகளில் விற்கப்படும் வேரூக்கித் தூள்களுள் பல இவ்வகைப் பொருளைக் கொண்டனவே.

எல்லாச் செடிகளும் இவ்வாறு வளரமாட்டா. தென்னைக்கு வளர்படலம் இல்லை. உச்சியில் உள்ள ஒரே குருத்தை வெட்டின் மரம் முழுதும் பட்டுவிடும். கரும்பிற்கும் அப்படலம் இல்லையாயினும், அதன் கணுவைச் சுற்றி வேர்முளைகள் புள்ளி புள்ளியாக முன்பே அமைந்துள்ளன. ஆதலின் கரணை எளிதில் வேரூன்றுகின்றது. இத்தலத்தின் மரமாகிய மகிழினை விதையால் வளர்ப்பதே பெருவழக்கு. மல்லிகை, முல்லை முதலியவற்றிற்குப் பதியன் இடுதலும் உண்டு. தாழ்ந்த கொடியை வளைத்து, சிறிது கீறி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவர். வேர்விடும் வரையில் தாய்ச்செடியே அதற்கு உணவூட்டும். பின்பு வெட்டிப் பிரித்து நடுவர்.

போத்தினால் வந்த செடி தாய்ச்செடியின் இயல்பை மாறாமல் பெறும். இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. தாயின் நிறமும் மணமும் வருவதுபோல நோயும் உடன்வரும். பழனி மலைப்பகுதியில் புகழ்பெற்ற விருப்பாச்சி மலைவாழை முடிக்கொத்து நோயால் பெரிதும் அழிந்தது. நோயுற்ற தாயின் கன்று நோயுடனேயே பிறப்பதும் அந்நோய் பரவிய வழிகளுள் ஒன்றாகும். ஆகவே, தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணுங்கருத்துமாய் இருத்தல் வேண்டும்.

புதுமை வேண்டுவோர் விதையை நாடுகின்றனர். உள்ளதனைக் காக்க வேண்டுவோர் போத்தினை நாடுகின்றனர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் நாட்டில் விளைந்த கரும்போடு பேய்க்கரும்பை இணைத்து விதை பெற்று, 1918-இல் கோ 205 என்னும் புதிய வகையை அளித்தனர். அது பிறந்தது விதையால். வயல்தோறும் பரவியது கரணையால். அண்ணாமலையின் சரிவுகளில் காடு வளர்ப்போரும் பலவகை விதைகளைத் திரட்டியே நாற்று வளர்க்கின்றனர். காட்டிற்கு வேற்றுமை வேண்டும். எல்லா மரமும் ஒரே இயல்பினவாயின், ஒரு நோயே அனைத்தையும் அழித்துவிடும்.

சிறுவன் இம்முறை பத்துப் போத்துகளை நட்டான். மூன்றாம் வாரம் அவற்றுள் எட்டில் பசுந்துளிர் அரும்பிற்று. "பாட்டி, பிழைத்துவிட்டன!" என்று அவன் பிடுங்கிப் பார்க்க ஓடினான். "பொறு, கண்ணா. கொம்பில் இருக்கும் உணவைக் கொண்டே துளிர் வரும், வேர் பிறகுதான் வரும்" என்று அவள் தடுத்தாள். அவள் சொல்லியவாறே இரண்டின் துளிர் சில நாளில் வாடிற்று. ஆறு நிலைத்தன.

கொத்தனார் வந்தார், பழைய செடி வெட்டப்பட்டது. அன்று முதியவள் கொல்லைப்பக்கம் வரவில்லை. கார்த்திகைத் தீபத்திற்கு முன் சுவர் வேலை முடிந்தது. பையன் செடிகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, இரண்டினைப் புதிய சுவரினின்று தள்ளி நட்டான். மீதி நான்கினையும் தெருவில் நான்கு வீட்டாருக்குக் கொடுத்துவரப் பாட்டி பணித்தாள்.

"எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொண்டால் என்ன, பாட்டி?" என்று அவன் கேட்டான்.

"ஒரு வீட்டில் இருந்ததால்தானே இத்தனை அச்சம்! ஐந்து வீட்டில் இருந்தால், ஒன்று பட்டுப்போனாலும் மற்றொரு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்றாள் அவள்.

அவன் தொட்டிகளை எடுத்துக்கொண்டு தெருவிற்குச் சென்றான்.