கைக்கூலியும் செயற்கை மூட்டும்

இலஞ்சத்திற்குத் தமிழிற் பெயர்கள் பலவுள. பரிதானம் என்பர், கையூட்டு என்பர், கைக்கூலி என்றும் கூறுவர். இவற்றுள் இறுதியாகக் கூறியது ஆராயத்தக்கது. கூலியாவது ஒருவன் செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். அதனைப் பெறுதல் குற்றமன்று, கொடாதிருத்தலே குற்றம். ஆயினும் 'கை' என்னும் ஓரெழுத்தொருமொழி அதன் முன்வந்து சேர்ந்தவுடனே அந்நேர்மையான ஊதியம் நாணத்தக்க பொருளாக மாறிவிடுகிறது. கூலிக்கும் கைக்கூலிக்கும் இடையே ஓரெழுத்தே தூரம். அத்தூரத்தை அளக்க முயன்ற வழக்கொன்றைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தேன். இலக்கிய மாணவனொருவன் இரும்பும் பிளாஸ்டிக்கும் பற்றி எழுதுவது எற்றுக்கு என நண்பர் சிலர் நகைக்கலாம். காரணம் எங்கள் வீட்டிலேயே உள்ளது.

சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டியாருக்கு முழங்காலில் இரண சிகிச்சை நடந்தது. தேய்ந்துபோன மூட்டை அகற்றி, உலோகமும் பிளாஸ்டிக்குமாகிய செயற்கை மூட்டொன்றைப் பொருத்தினர். வீடு திரும்பும்போது கொடுத்த காகிதக் கட்டில், ஒரு தாளின் மூலையில் சிறு ஒட்டுச்சீட்டு இருந்தது. செய்த கம்பெனியின் பெயரும், நீண்டதோர் எண்ணும், வார்ஸா, இந்தியானா என்னும் ஊர்ப்பெயரும் அதிற் காணப்பட்டன. "ஏனடா தம்பி, என் காலுக்குள் வைத்திருப்பது எந்த ஊர்ச் சரக்கு?" என்று பாட்டியார் வினவினார். போலந்து நாட்டின் தலைநகர் என்று விரைந்து விடையளித்தேன். பிழை. இது வேறொரு வார்ஸா; அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா மாகாணத்திலுள்ள சிற்றூர்.

சிற்றூரேயாயினும் அதன் வரலாறு சிறிதன்று. 1895இல் ரெவ்ரா டிப்யூ என்பவர் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். எலும்பு முறிந்தோர்க்கு மரத்துண்டுகளை வைத்துக் கட்டிவந்த காலம் அது. நம் நாட்டு எலும்பு வைத்தியர் மூங்கிற்பத்தை வைத்துக் கட்டுவதை நினைந்துகொள்க. அதனினும் நன்கு பொருந்தும் சிம்புகளைச் செய்து விற்றார் டிப்யூ. அவர் கம்பெனியில் விற்பனை பார்த்துவந்த ஜஸ்டின் ஜிம்மர் என்பவர் 1927இல் பிரிந்து சென்று, அதே ஊரில் தம் பெயரால் வேறொரு கம்பெனி கண்டார். 1977இல் பயோமெட் என்னும் மூன்றாவது கம்பெனியும் அங்கேயே தோன்றிற்று. இவ்வாறு உலகத்தின் செயற்கை மூட்டுகளுள் பெரும்பகுதி ஒரு சிற்றூரிலிருந்து புறப்படலாயிற்று.

செயற்கை மூட்டு எவ்வாறு பிறந்தது என்பதை அறியாதார்க்கு இவ்வழக்கின் சிக்கல் விளங்காது. ஆதலின் சிறிது இங்கிலாந்துக்குச் செல்வோம். லங்காஷயரில் ரைட்டிங்டன் என்னும் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் இரண வைத்தியர் இருந்தார். தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்றாக, உலோகப் பந்தொன்று பிளாஸ்டிக் கிண்ணத்தில் வழுக்கிச் சுழலுமாறு செய்யவேண்டுமென்பது அவர் கருத்து. முதலில் டெப்லான் என்னும் பிளாஸ்டிக்கைக் கையாண்டார். நோயாளிகள் மகிழ்ச்சியோடு நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுத்தன. ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தவை பயனற்றுப்போயின. சார்ன்லி அத்துகள் மனித உடலில் என்ன செய்கிறதென்று காணும்பொருட்டு, அதனைத் தம் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்தார் என்பது வரலாறு.

அப்பொழுது, 1962 மே மாதத்தில், ஒரு வியாபாரி அம்மருத்துவமனைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளில் பற்சக்கரம் செய்வதற்குரிய புதுவகைப் பிளாஸ்டிக்கை அவர் கொண்டுவந்திருந்தார். சார்ன்லி அதனை முதலில் மதிக்கவில்லை. அவர் தொழிற்கூடத்து உதவியாளரோ அதனைத் தேய்வுப் பொறியிலிட்டு வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். அது டெப்லானைப்போலத் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அப்பொருளாற் செய்த கிண்ணம் முதன்முதலாக ஒரு மனிதனின் இடுப்பிற் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அதுவே தாய். அம்மூட்டுகளை லீட்ஸ் நகரத்துத் தாக்ரே கம்பெனியார் செய்தளித்தனர். முதற் சில ஆண்டுகளில், ரைட்டிங்டனுக்கு வந்து பழகிய வைத்தியர்க்கன்றி வேறெவர்க்கும் அவற்றை விற்றலாகாது என்று சார்ன்லி கட்டளையிட்டிருந்தார். தாக்ரே என்னும் இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க. மீண்டும் அதனிடம் வருவோம்.

இதிலிருந்து புலனாவது யாது? வியாபாரி வாயிலில் நுழைதலே தீங்கு என்று சொல்ல இயலாது. அவன் வந்திராவிடில் அம்மூட்டு இல்லை. வைத்தியர் கம்பெனியோடு சேர்ந்து உழைத்தலும் தீங்கன்று. கத்தி பிடித்த கையே மூட்டின் குறையை அறியும். அத்தகைய உழைப்புக்கு ஊதியம் கொடுப்பது முறையே. கைக்கூலி இந்த முறையான வழியாகவே உள்ளே புகுந்தது. புறக்கடை வழியாக அன்று.

புகுவதற்கு ஏற்ற இடமும் அங்கிருந்தது. நாம் ஒரு சேலை வாங்கினால், தெரிவோரும், விலை கொடுப்போரும், உடுப்போரும் ஒருவரே, அல்லது ஒரே வீட்டார். மூட்டின் கதை அவ்வாறன்று. இன்ன கம்பெனியின் மூட்டு வேண்டுமென்று தெரிபவர் இரண வைத்தியர். வாங்குவது மருத்துவமனை. முதியோராயின் அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் பணம் கொடுப்பது மெடிகேர் என்னும் சர்க்கார் நிதி, 1965இல் ஏற்பட்டது. எஞ்சிய நாளெல்லாம் சுமப்பவரோ மயக்க மருந்தின் வசப்பட்டுக் கிடக்கும் நோயாளி. தெரிபவர்க்கு விலையின் நோவு இல்லை. நோவு படுபவர்க்குத் தெரிவில்லை. எனவே, பொருளை விற்கவேண்டின் ஒருவர் மனத்தை மட்டும் வசப்படுத்தினாற் போதும். கம்பெனியின் விற்பனையாளர் சிகிச்சை அறைக்குள்ளேயே நின்று, எந்த அளவு, எந்தக் கருவி என்று சுட்டிக்காட்டுவது அங்கே வழக்கம் என்று படித்தபோது நான் வியப்புற்றேன். அவரும் பயனுள்ளவரே, அத்துணை நுண்கருவிகளை அவரினும் அறிந்தார் சிலரே. ஆயினும் திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு கூறுகளையே எண்ணினார். ஐந்தாவதாக ஒருவர் நிற்பாரென்பது அவர் எண்ணாதது.

இனி வழக்கு. சர்க்கார் நிதியிலிருந்து விலை பெறும் மருத்துவப் பொருள்களைத் தெரிவதற்காக ஒருவர்க்குப் பொருள் கொடுத்தலும் பெறுதலும் கூடாதென 1972இல் அமெரிக்கர் சட்டம் செய்தனர். 1977இல் அதனைப் பெருங்குற்றமாக்கினர். பணமேயன்றி, வேறெவ்வகை நன்மையும் அதில் அடங்கும். 2007 செப்டம்பர் 27ஆம் நாள், நியூ ஜெர்ஸி மாகாணத்து மத்திய சர்க்கார் வழக்கறிஞர் கிறிஸ்டோபர் கிறிஸ்டி என்பவர், இடுப்பு, முழங்கால் மூட்டுகள் செய்யும் ஐந்து கம்பெனிகளைக் குறித்து ஓர் ஏற்பாட்டை வெளியிட்டார். ஜிம்மர், டிப்யூ, பயோமெட் என்னும் வார்ஸா கம்பெனிகள் மூன்று. ஸ்மித் அண்டு நெப்யூ, ஸ்ட்ரைக்கர் என்பன ஏனை இரண்டு. அந்நாட்டில் இவ்விருவகை மூட்டு வியாபாரத்தில் நூற்றுக்கு 95 பங்கு இவ்வைந்தன் கையிலிருந்தது.

சர்க்காரின் குற்றச்சாட்டு இது: 2002 முதல் 2006 வரை இக்கம்பெனிகள் இரண வைத்தியர்களை ஆலோசகர் என்று பெயரிட்டு நியமித்து, ஆண்டுக்குப் பல பதினாயிரம், சிலர்க்குப் பல இலட்சம் டாலர் கொடுத்தன, உல்லாசப் பயணங்களும் அளித்தன, பொருளுக்கு ஈடாக எதிர்பார்த்தது ஆலோசனையன்று, தங்கள் மூட்டையே பொருத்தவேண்டுமென்பது. இவ்வுறவைப் பல வைத்தியர் தம் மருத்துவமனைக்கும் சொல்லவில்லை. தம் நோயாளிக்கும் சொல்லவில்லை. நான்கு கம்பெனிகள் பணம் செலுத்த உடன்பட்டன. ஜிம்மர் 16 கோடியே 95 இலட்சம் டாலர். டிப்யூ 8 கோடியே 47 இலட்சம். ஸ்மித் அண்டு நெப்யூ 2 கோடியே 89 இலட்சம். பயோமெட் 2 கோடியே 69 இலட்சம். முதலில் முன்வந்து ஒத்துழைத்த ஸ்ட்ரைக்கர் பணம் செலுத்தவில்லை. வழக்கை 18 மாதம் நிறுத்திவைத்து, நடத்தை திருந்தினால் தள்ளிவிடுவதென்பது அந்நால்வர்க்கும் ஏற்பாடு. 2009 மார்ச்சில் அவ்வாறே தள்ளப்பட்டது. இது நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன தீர்ப்பன்று, உடன்படிக்கை என்பதை மறத்தலாகாது.

தொகையினும் அதன் நிபந்தனைகளே என்னைக் கவர்ந்தன. இவ்வாண்டு எத்தனை ஆலோசகர் உண்மையில் வேண்டும், எந்த வேலைக்கு வேண்டும் என்று கம்பெனி முன்னரே எழுதிவைக்கவேண்டும். யார்க்கு எவ்வளவு கொடுத்தது என்பதைத் தன் இணையப் பக்கத்தில் யாவரும் காண வெளியிடவேண்டும். ஆலோசகராகிய வைத்தியர் அவ்வுறவைத் தம் நோயாளிக்கும் அறிவிக்கவேண்டும். கூலியைக் கைக்கூலியினின்றும் பிரிப்பதற்கு இதனினும் நல்ல முறத்தை நான் கண்டிலேன். வேலை முன்பு, ஊதியம் பின்பு, இரண்டும் வெளிச்சத்தில். நேர்மையாய் உழைத்த வைத்தியர்க்கு இதனால் இழப்பொன்றுமில்லை. பெயரை வெளியிடுவதால் எந்த ஊதியம் சுருங்குகிறதோ, அது எவ்வகை ஊதியம் என்பது தானே விளங்கும்.

இடையே ஒரு வேடிக்கை. திருந்தினவா எனக் காணக் கம்பெனிதோறும் ஒரு மேற்பார்வையாளரைச் சர்க்கார் வழக்கறிஞர் அமர்த்தினார். அவர்க்குரிய ஊதியம் கம்பெனியின் செலவு. ஜிம்மருக்கு அமர்ந்தவர் முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரி ஜான் ஆஷ்கிராப்ட். அவரது நிறுவனத்திற்குரிய ஊதியம் 2 கோடியே 80 இலட்சம் முதல் 5 கோடியே 20 இலட்சம் டாலர் வரை ஆகுமென்று கம்பெனி கணக்கிட்டபோது, நாடெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. கிறிஸ்டி முன்னாளில் அவர்க்குக் கீழ் அலுவல் பார்த்தவர் என்பதே காரணம். சட்டம் எதனையும் மீறியதாக எவரும் நிறுவவில்லை. ஆயினும் 2008 மார்ச்சில் இத்தகைய நியமனங்களுக்குச் சட்ட இலாகா புதிய விதிகளை வகுத்தது. ஆலோசகரின் ஊதியத்தை அளக்கச் சென்றவரின் ஊதியத்தையும் அளக்க நேர்ந்தது.

கடலுக்கு இப்பாலும் இக்கதை நீண்டது. சார்ன்லியின் மூட்டைச் செய்த தாக்ரே கம்பெனியை 1990இல் டிப்யூ விலைக்கு வாங்கி, லீட்ஸ் நகரிலேயே டிப்யூ இன்டர்நேஷனல் என்னும் பெயரால் நடத்திற்று. 2002 முதல் 2005 வரை கிரேக்க நாட்டுச் சர்க்கார் மருத்துவமனைகளின் வைத்தியர்க்கு 45 இலட்சம் பவுன் முறைகேடாகச் சென்றதன் தொடர்பில், அக்கம்பெனியில் விற்பனையை மேற்பார்த்த அதிகாரி ஒருவர் 2010இல் இங்கிலாந்து நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011 ஏப்ரலில் கம்பெனி 48 இலட்சத்து 29 ஆயிரம் பவுன் செலுத்தியது. அதே நாளில் அதன் உடைமையாளராகிய ஜான்சன் அண்டு ஜான்சன், கிரேக்கம் முதலிய நாடுகளில் நடந்தவற்றிற்காக அமெரிக்காவில் 7 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அடுத்த ஆண்டு ஸ்மித் அண்டு நெப்யூ கிரேக்கத்தின் பொருட்டும், பயோமெட் அர்ஜென்டீனா, பிரேசில், சீனா ஆகியவற்றின் பொருட்டும் பணம் செலுத்தின. பழகாத கைக்கு என் மூட்டை விற்காதே என்று ஒரு வைத்தியர் கட்டளையிட்ட அதே நகரிலிருந்து, விற்பதற்காகவே வைத்தியர்க்குப் பணம் சென்றது. இதனைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

கம்பெனிகளின் பக்கங்களில் 18 மாதத்திற்கு மட்டும் என்றிருந்த பெயர்ப்பட்டியல், 2010இல் அமெரிக்கச் சட்டமாயிற்று. மருந்தும் கருவியும் செய்வோர் வைத்தியர்க்குக் கொடுப்பதைச் சர்க்காருக்கு அறிவிக்கவேண்டும். தொடக்கத்தில் 10 டாலரே எல்லையாக இருந்தது. 2014 செப்டம்பர் 30 முதல் அவ்வேட்டை எவரும் இணையத்தில் திறந்து, தம் வைத்தியர் பெயரைத் தேடலாம். எத்துணை நோயாளிகள் அவ்வாறு தேடுவர்? கால்வலியோடு வாயிலில் நிற்பவர் வைத்தியரை நம்பவே விரும்புவர், சோதிக்க விரும்பார். அவ்வேட்டின் பயன் பெரும்பாலும் செய்தித்தாள்களுக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் உரியது என்றே எண்ணுகிறேன். ஆனால் எவரேனும் பார்க்கக்கூடும் என்னும் அச்சம் எழுதுகிற கையைத் தடுக்குமாயின், அதுவும் நோயாளிக்கு வந்த பயனே.

பாட்டியாரின் ஒட்டுச்சீட்டில் செய்தவர் பெயருண்டு; எண்ணுண்டு; ஊருண்டு. அதனைத் தெரிந்தெடுத்த கதைக்கு அச்சிறு தாளில் இடமில்லை. எங்கள் வைத்தியரைக் குறித்து எனக்கு ஐயமும் இல்லை; அவர் கைராசியால் பாட்டியார் இப்பொழுது மாடிப்படி ஏறுகிறார். வார்ஸா எங்குள்ளதென்று தேசப்படத்தில் ஒருநாள் அவர்க்குக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூட்டுத்தான் எனக்கு ஆகும் என்று முடிவு செய்தது யார்?" என்றார். டாக்டர் என்றேன். "அவர் சொன்னாற் சரி" என்று கைத்தடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, முற்றத்துக் கோழிகளுக்குத் தவிடு வைக்கச் சென்றார்.