பெயின்டில் மூழ்கிய மூக்கு

கேள்வி: வார்ஹாமர் விளையாட்டுக்கான குட்டிப் போர்வீரர் பொம்மைகளுக்கு முதன்முறையாக வண்ணம் தீட்டினேன். கண், மூக்கு எல்லாம் பெயின்டில் மூழ்கிவிட்டன. எங்கே தவறு?

பதில்: டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே அப்பியிருப்பீர்கள். சுமார் 28 மி.மீ. உயரப் பொம்மையில் மூக்கு கடுகளவுகூட இருக்காது. கெட்டிப் பெயின்ட் அதை விழுங்கிவிடும். அடுத்த பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பிறகு மெல்லிசாகப் பிரைமர் அடியுங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் வண்ணம் சரியாகப் பிடிக்காது. அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக இரண்டு பூச்சு கொடுங்கள். கடைசியில் நீர்த்த அடர்பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால், பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும். முகம் எடுப்பாகத் தெரியும். முதல் வீரனை எறிந்துவிடாதீர்கள். பத்தாவதை முடித்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவனே சொல்வான்.