மாணவர் உரிமத்தில் மாமா கடைக்கு பில்லிங் எழுதலாமா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவா எழுத இன்டெல்லிஜே ஐடியா அல்டிமேட் பயன்படுத்துகிறேன். ஹாஸ்டலில் சுற்றிவரும் கிராக் காப்பிதான் என் லேப்டாப்பிலும் இருக்கிறது. மாணவர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஐடி கார்டைப் படமெடுத்து அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். கல்லூரி எங்களுக்கு மின்னஞ்சல் முகவரி தரவில்லை. இதற்கிடையில், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மாமா பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொல்கிறார். மாணவர் உரிமம் கிடைத்தால் அதில் இதைச் செய்யலாமா? காசு வாங்காமல் செய்தால்? படிப்பு முடிந்ததும் நான் எழுதியதெல்லாம் என்ன ஆகும்?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மாமாவின் வேலையை மாணவர் உரிமத்தில் செய்யக் கூடாது. காசு வாங்காவிட்டாலும் கூடாது. அதற்காக அந்த வேலையையே விட்டுவிட வேண்டாம். வேறு வழி இருக்கிறது. முதலில் உரிமத்தை வாங்குவதைப் பார்ப்போம்.

இன்டெல்லிஜேயைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம், குறைந்தது ஓராண்டு முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்குத் தன் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பி.இ., பி.சி.ஏ., டிப்ளமோ படிப்பவர்கள் இதற்குள் வருவார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாத ஜாவா கோர்ஸ் படிப்பவர்கள் வர மாட்டார்கள். உரிமம் ஓராண்டுக்கு, படிப்பு தொடரும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் வேலை சுலபம். இல்லாதவர்கள் ஆவணம் காட்ட வேண்டும், நம் ஊர் மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பெயர் ஒரு காரணம். கல்லூரிக் கார்டில் இனிஷியலோடு ஒரு பெயர், இணையக் கணக்கில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர். சரிபார்ப்பவருக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். கணக்கில் உள்ள பெயரைக் கார்டில் உள்ளபடியே, இனிஷியல் சகிதம் மாற்றிவிடுங்கள். இன்னொரு காரணம் தேதி. பல கார்டுகளில் சேர்ந்த ஆண்டு மட்டும் இருக்கும். இப்போதும் படிக்கிறீர்கள் என்பதற்கு அதில் சாட்சி இல்லை.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு மருந்து உண்டு: போனஃபைடு சான்றிதழ். கல்விக்கடனுக்கும் பஸ் பாஸுக்கும் வாங்குகிறோமே, அதேதான். ஆங்கிலத்தில், கல்லூரி லெட்டர்ஹெட்டில், நடப்புக் கல்வியாண்டும் படிப்பு முடியும் ஆண்டும் தெரியும்படி, தேதியும் முத்திரையுமாக வாங்கி அனுப்புங்கள். நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் 2014 முதல் மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் கருவித் தொகுப்புக்கும் இதே சான்றிதழ் உதவும். அங்கே ஒப்புதல் கிடைத்தால் அதைக் காட்டியே ஜெட்பிரெயின்ஸிலும் விண்ணப்பிக்கலாம்.

கிராக் காப்பியை இன்றே நீக்கிவிடுங்கள். அந்தக் கோப்புக்குள் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடவுச்சொற்கள் எல்லாம் இருப்பது அதே லேப்டாப்பில். சட்டமும் சும்மா இல்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு குற்றமாக்குகிறது: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபநோக்கமோ வியாபாரமோ இல்லாதபோது சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கிராக் காப்பியில் கடை பில்லிங் எழுதினால் அந்தச் சலுகையையும் நீங்களே கைவிட்டது போலாகும்.

இப்போது மாமா கடை. மாணவர் உரிமத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: நான் மாணவி, ஆகவே நான் எது செய்தாலும் இலவசம் என்று. உரிமம் ‘நீ யார்’ என்று மட்டுமல்ல, ‘என்ன வேலை செய்கிறாய்’ என்றும் கேட்கிறது. வணிகமல்லாத கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பது அதன் நிபந்தனை. பாடம், லேப், இறுதியாண்டு ப்ராஜெக்ட், நீங்களாகப் பழகுவது எல்லாம் சரி. நீங்கள் கூலி வாங்காவிட்டாலும் மாமா அந்த மென்பொருளை வைத்து வியாபாரம்தானே செய்வார்? ஜூனியர்களுக்கு ப்ராஜெக்ட் எழுதி விற்பதும் இதே கணக்கில் சேரும். நிறுவனத்துக்காக வேலை செய்யும் இன்டர்ன்ஷிப் என்றால், கருவியை அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.

பில்லிங் போன்ற வேலைக்கு அல்டிமேட் தேவையே இல்லை. இன்டெல்லிஜேயின் அடிப்படைப் பகுதி 2009 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. கட்டணமில்லை, வணிக வேலைக்கும் தடையில்லை. எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் இரண்டும் அப்படியே. விஎஸ் கோடும் இலவசம். அதிலும் வணிக வேலை செய்யலாம். இவற்றில் ஒன்றில் மாமாவின் வேலையைத் தொடங்கி, கூலியையும் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று தனி வகை ஒன்று உண்டு. ஜெட்பிரெயின்ஸின் வேறு கருவிகளான வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டும் 2024 அக்டோபர் முதல் அந்த வகையில் கிடைக்கின்றன. மாணவர் சான்று கேட்க மாட்டார்கள், ஆனால் கடை வேலைக்கு அவையும் ஆகாது.

படிப்பு முடிந்தால் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. எழுதிய நிரல் எங்கும் போகாது, அது உங்களுடையது. ஜாவா கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், எந்தக் கருவியிலும் திறக்கும். பட்டம் பெற்றவர்களுக்கு ஜெட்பிரெயின்ஸ் 40 சதவீதத் தள்ளுபடி தருகிறது. வேண்டுமானால் அப்போது யோசியுங்கள். இலவசம் தரும் நிறுவனங்களுக்கும் கணக்கு உண்டு. மாணவப் பருவத்தில் கை பழகிய கருவியை வேலைக்குப் போனதும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குவீர்கள் என்பதுதான் அது. அதில் தப்பில்லை. ஆனால் ஒரே கருவியில் மட்டும் பழகிவிடாதீர்கள். அல்டிமேட் கையில் இருந்தாலும், ஒரு ப்ராஜெக்டையாவது இலவசக் கருவியில் முழுதாக முடித்துப் பாருங்கள். மாமாவின் பில்லிங்கே அதற்குப் போதும்.