ஓர் அட்டைக்குப் பல முகவரிகள்

கணிப்பொறியை வலைப்பின்னலோடு இணைக்கும் அட்டைக்கு ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு என்பதைத் தோழியர் பலரும் அறிவீர்கள். ஆனால் ஒரே அட்டைக்கு இரண்டு மூன்று முகவரிகள் கொடுக்கலாம் என்பதைச் சிலரே அறிந்திருப்பர். பழைய சர்வர் ஒன்று ஓய்வு பெறும்போது, அதன் முகவரியைப் புதிய சர்வருக்குக் கூடுதலாக அளித்துவிட்டால், அதைத் தேடி வரும் கணிப்பொறிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அவ்வாறு கொடுக்கும்போது 'நெட்மாஸ்க்' என்ன போடுவது என்பதே கேள்வி.

முதலில் நெட்மாஸ்க் என்பது யாது எனக் காண்போம். நாம் பெரிதும் பயன்படுத்தும் நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரியில் 32 இரும இலக்கங்கள் உள்ளன. முற்பகுதி தெருவின் பெயர் போன்றது. பிற்பகுதி கதவு எண் போன்றது. தெருவின் பெயர் எங்கே முடிகிறது என்று சொல்வதே நெட்மாஸ்க். 192.168.10.77 என்ற முகவரிக்கு 255.255.255.0 என்று போட்டால், முதல் 24 இலக்கங்கள் தெருவாகும், அத்தெரு 192.168.10.0. அதே முகவரிக்கு 255.255.255.192 என்று போட்டாலோ, தெரு 192.168.10.64இல் தொடங்கி 127இல் முடிந்துவிடும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் போக 62 வீடுகளே மிஞ்சும். இரும எண்களைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள், கசக்காது!

இதில் தவறினால் என்ன ஆகும்? செய்தி அனுப்புமுன் கணிப்பொறி, பெறுபவர் தன் தெருவில் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இருந்தால், தெருவிலேயே குரல் கொடுத்து அழைக்கிறது. இல்லையென்றால், 'கேட்வே' என்னும் தபால்காரரிடம் ஒப்படைக்கிறது. நம் இரண்டாம் முகவரிக்கு 255.255.0.0 என்று அகலமாகப் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கட்டடத்துத் தெருவிலுள்ள 192.168.20.9 கூடத் தன் தெருவே என்று கணிப்பொறி நம்பிவிடும். அழைக்கும், பதில் வராது. மற்ற ஊர்களுக்கெல்லாம் செய்தி ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதால், கோளாறு நெட்மாஸ்க்கில் இருக்கிறது என்று யாருக்குத்தான் தோன்றும்?

எனவே இரண்டாம் முகவரியும் முதல் முகவரியின் தெருவிலேயே இருந்தால் மிகுந்த கவனம் தேவை. இங்கே எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே விதி இல்லை. ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமையின் கையேடு, ஒரு முகவரிக்கு மட்டும் தெருவின் உண்மையான நெட்மாஸ்க்கைப் போட்டு, அதே தெருவிலுள்ள மற்றவற்றுக்கு 255.255.255.255 போடச் சொல்கிறது. அதாவது 32 இலக்கங்களும் முகவரியே. தெரு என்று தனியாக ஒன்றுமில்லை. தெருவுக்குச் செல்லும் வழியை முதல் முகவரியே பதிந்துவிட்டதால், இரண்டாவது அதை மீண்டும் பதிய வேண்டியதில்லை அல்லவா?

லினக்ஸ் வேறு விதம். அங்கே இரண்டுக்கும் ஒரே நெட்மாஸ்க்கைப் போடலாம். முதலில் வந்தது தலைமை முகவரி, பின்னால் வந்தது துணை முகவரி எனக் கொள்ளப்படும். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தலைமை முகவரியை நீக்கினால், துணை முகவரிகளும் அதனுடன் போய்விடும்! பழைய முகவரி இனி வேண்டாம் என்று ஒருவர் அதை மட்டும் எடுக்க, அதுவே தலைமையாக இருந்துவிட்டால், சர்வர் முழுவதும் ஊமையாகிவிடும். 'புரமோட் செகண்டரீஸ்' என்ற அமைப்பை முன்னரே இயக்கி வைத்தால், துணைகளில் ஒன்று தலைமை ஏற்கும். துணைக்கு 255.255.255.255 போட்டிருந்தாலும் அது நீக்கப்படாமல் தனித்து நிற்கும். ஆனால் தெருவுக்கு வழி காட்டியது தலைமை முகவரியே ஆதலால், அவ்வழியை நாம்தான் மீண்டும் பதிய வேண்டும்.

இரண்டாம் முகவரி வேறு தெருவைச் சேர்ந்தது என்றால் குழப்பமே இல்லை. 10.0.5.3 என்ற முகவரியின் தெரு 255.255.255.0 கொண்டதானால், அதையே போட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: தெருக்கள் இரண்டானாலும், பொதுவான கேட்வே ஒன்றே போதும்.